"சரிபார்க்க வேண்டாம்" என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டாம்

ஒரு சின்னச் சோதனையிலிருந்து தொடங்குகிறேன். பள்ளிக்கு நீங்கள் கைப்பேசி கொண்டுவர முடியாது. ஆகவே என் கைப்பேசி, சக ஆசிரியர் ஒருவரின் கைப்பேசி, பள்ளி மடிக்கணினி ஒன்று ஆகிய மூன்றையும் படிவம் நான்கு வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டோடு மடிக்கணினியை இணைத்தேன். பிறகு என் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு, சக ஆசிரியரின் கைப்பேசியில் அதே பெயரையும் அதே கடவுச்சொல்லையும் போட்டு ஹாட்ஸ்பாட்டைத் திறந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மடிக்கணினி எந்தக் கேள்வியும் கேட்காமல் புதிய கைப்பேசியோடு இணைந்துகொண்டது.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அது வேற போனுன்னு அதுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. தெரிந்துகொள்ள அதற்கு வழியும் இல்லை. வைஃபையின் பெயர் என்பது ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. அதை யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டலாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு வருகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கூட்டத்தில் தம்பியிடம் "நீலத் துணி கட்டிய தண்ணீர்ப்பந்தலில் நில்" என்று சொல்லி அனுப்பினால், அவன் எந்தப் பந்தலில் நிற்பான்? வழிநெடுக நீலத் துணி கட்டிய பந்தல்கள் இருக்கும். பந்தலில் இருக்கும் மாமாவின் முகம் அவனுக்குத் தெரிந்திருந்தால்தான் அவன் சரியான இடத்தில் நிற்பான்.

கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் வைஃபையில் அந்த முகத்தைக் காட்டும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதன் பெயர் சர்வர் சான்றிதழ். நீங்கள் எஸ்.பி.எம். முடித்து மேற்படிப்புக்குப் போகும் முதல் வாரத்திலேயே அதைச் சந்திப்பீர்கள். அப்போது உங்களுக்கு ஒரு தவறான வழி சொல்லித்தரப்படலாம். அதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுரை.

நானும் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி வளாகத்தில் பயிற்சிக்காகத் தங்கியிருந்தேன். பதிவு செய்யும் மேசையில் ஒரு தாள் கொடுத்தார்கள். வைஃபையில் இணையும் முறை அதில் வரிசையாக இருந்தது: பயனர் பெயர், கடவுச்சொல், அதன் கீழே "சான்றிதழ்: சரிபார்க்க வேண்டாம்" என்று ஒரு வரி. ஏன் என்று நான் கேட்கவில்லை. அப்படியே அமைத்தேன், இணையம் வந்தது. பக்கத்து அறையில் இருந்த நான்கு பேருக்கும் நானே உற்சாகமாக அமைத்துக் கொடுத்தேன்.

அதே பயனர் பெயரும் கடவுச்சொல்லும்தான் அந்த வளாகத்தில் என் மின்னஞ்சலையும் பாடப்பதிவையும் மதிப்பெண் பக்கத்தையும் திறந்தன. வீட்டுச் சாவியை எல்லாக் கதவுக்கும் போடும் சாவியாகக் கொடுத்துவிட்டு, "கேட்பவர் யார் என்று பார்க்காமல் நீட்டு" என்றும் சொல்லியிருக்கிறார்கள். நானும் நீட்டினேன், இன்னும் நான்கு பேரையும் நீட்ட வைத்தேன். அறிவியல் ஆசிரியையான எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

வளாக வைஃபை எப்படி வேலை செய்கிறது?

வீட்டு வைஃபையில் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். பல்லாயிரம் பேர் இருக்கும் வளாகத்தில் அது சரிப்படாது. ஒருவர் வெளியே சொன்னால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஒருவரை மட்டும் நீக்கவும் முடியாது. ஆகவே அங்கே ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தருகிறார்கள். 2001இல் வெளிவந்த 802.1எக்ஸ் எனும் தரநிலை இதற்கு அடிப்படை.

கூரையில் பொருத்தப்பட்ட வைஃபை பெட்டி வெறும் வாயிற்காவலர். உங்கள் கடவுச்சொல் சரியா தவறா என்று அதற்குத் தெரியாது. அது உள்ளே இருக்கும் ஒரு சர்வரிடம் கேட்கும். ரேடியஸ் சர்வர் என்று அதற்குப் பெயர். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த 1990களில் உருவான முறை அது. "இவர் நம்மவர்தான், விடு" என்று அந்தச் சர்வர் சொன்னால்தான் கதவு திறக்கும்.

இதையே நாடுகளைத் தாண்டி விரித்தால் எடுரோம் கிடைக்கிறது. நெதர்லாந்தின் சர்ஃப்நெட் நிறுவனத்தில் பிறந்த இந்த எண்ணம் 2003 முதல் ஐரோப்பாவில் செயல்வடிவம் பெற்று, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் இருக்கிறது. மலேசியாவில் மைரென் எனும் ஆய்வு, கல்வி வலையமைப்பின் வழியாக அது இயங்குகிறது. நம் தண்ணீர்மலைக்குத் தெற்கே குளுகோரில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் அது உண்டு. அங்கே படிக்கும் உங்கள் அக்கா வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும், அங்கே எடுரோம் இருந்தால் அவருடைய கைப்பேசி தானாக இணைந்துவிடும். அந்த ஊர்ப் பெட்டி கேள்வியை அந்த ஊர்ச் சர்வருக்கு அனுப்பும். அது கைமாறிக் கைமாறிப் பினாங்கில் இருக்கும் சொந்தப் பல்கலைக்கழகச் சர்வருக்கு வரும். விடை அதே வழியில் திரும்பும்.

இங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அக்காவின் கைப்பேசிக்கும் பினாங்குச் சர்வருக்கும் இடையே மறைக்குறியிட்ட ஒரு சுரங்கப்பாதை முதலில் அமைக்கப்படுகிறது. கடவுச்சொல்லை உறுதிப்படுத்தும் உரையாடல் அதற்குள்தான் நடக்கிறது. நடுவில் இருக்கும் எந்த நாட்டுப் பெட்டியும் சர்வரும் அதைப் பார்க்க முடியாது. சுரங்கத்தின் மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே அந்தப் பினாங்குச் சர்வர்தானா என்பது மட்டும் உறுதியாக வேண்டும். அதைச் சொல்வதுதான் சான்றிதழ்.

சான்றிதழ் என்பது சர்வரின் மைகாட்

வங்கிக்குப் போனால் உங்கள் மைகாட்டைக் கேட்கிறார்கள். நீங்கள் சொல்லும் பெயரை நம்பாத அதிகாரி, அட்டையை ஏன் நம்புகிறார்? அதை வழங்கியது தேசியப் பதிவிலாகா என்பதால் நம்புகிறார். சர்வரின் சான்றிதழும் அப்படித்தான். அதில் சர்வரின் பெயர், அதன் பொதுத் திறவுகோல், செல்லுபடியாகும் தொடக்க நாள், முடிவு நாள் ஆகியவை இருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே வழங்கிய சான்றளிப்பு நிறுவனத்தின் மின் கையொப்பம் இருக்கும்.

மைகாட்டில் இல்லாத ஒரு வசதியும் இதில் உண்டு. சான்றிதழை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். ஆனால் நகல் வைத்திருப்பவரால் பயனில்லை. பொதுத் திறவுகோலுக்கு ஜோடியாக ஒரு ரகசியத் திறவுகோல் சர்வருக்குள் இருக்கிறது. அது தன்னிடம் இருப்பதைச் சர்வர் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும்.

அந்தக் கணக்கு எத்தகையது? 89ஐயும் 97ஐயும் பெருக்குங்கள். 8633 என்று தாளில் உடனே போட்டுவிடுவீர்கள். இப்போது 8633ஐ மட்டும் ஒரு நண்பரிடம் கொடுத்து, எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கல் இது என்று கேளுங்கள். அவர் வெகுநேரம் வகுத்துக்கொண்டிருப்பார். பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம். பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. முறை இதன்மேல்தான் நிற்கிறது. இன்று வழக்கில் உள்ள 2048 பிட் திறவுகோலில் அந்தப் பெருக்கல் எண் 617 இலக்கங்கள் கொண்டது.

ஆக, உங்கள் கைப்பேசி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கையொப்பமிட்டவர் நான் நம்புகிறவரா? பெயர் நான் எதிர்பார்த்த பெயரா? நாள் முடியாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' வந்தால்தான் கடவுச்சொல் பேச்சையே எடுக்க வேண்டும். "சரிபார்க்க வேண்டாம்" என்று அமைத்தால் மூன்று கேள்விகளும் அழிந்துபோகின்றன.

இணையத்தளத்துக்கும் வைஃபைக்கும் உள்ள வேறுபாடு

"இணையத்தளத்துக்குப் போகும்போது இப்படியெல்லாம் நான் எதையும் அமைப்பதில்லையே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வங்கியின் முகவரியை நீங்களே உலாவியில் தட்டச்சு செய்கிறீர்கள். வந்த சான்றிதழில் அதே முகவரி இருக்கிறதா என்று உலாவி ஒப்பிட்டுக்கொள்கிறது. எதிர்பார்க்க வேண்டிய பெயர் அதற்கு முன்பே தெரியும்.

வைஃபையில் கைப்பேசிக்குத் தெரிவது வலையமைப்பின் பெயர் மட்டும்தான். "எடுரோம்" என்ற பெயரில் உலகம் முழுவதும் பெட்டிகள் இருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகச் சர்வரின் பெயர் என்ன என்று அந்த ஒரு சொல்லிலிருந்து கைப்பேசியால் ஊகிக்க முடியாது. இணையத்தில் தேடிப் பார்க்கலாம் என்றால், இணையமே இன்னும் வரவில்லை. ஆகவே யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும்: "இந்தச் சான்றளிப்பு நிறுவனம் கையொப்பமிட்ட, இந்தப் பெயருள்ள சர்வரை மட்டும் நம்பு."

அதைச் சொல்ல வேண்டியது வளாகத்தின் கடமை. அதைச் சொல்லாமல், "இந்தச் சான்றிதழை நம்புகிறாயா?" என்ற கேள்வியை 18 வயது மாணவரின் திரையில் காட்டுவது நியாயமே இல்லை. முன்பின் தெரியாத ஒருவரின் புகைப்படத்தைக் காட்டி, "இவர் உன் மாமாதானே?" என்று கேட்பது போன்றது அது. இணையம் வேண்டுமென்றால் யாரும் 'ஆம்' என்றுதான் அழுத்துவார்கள்.

திருடனுக்கு என்ன கிடைக்கும்?

சரிபார்க்காத ஒரு கைப்பேசி வளாக உணவகத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து மேசையில் ஒருவர் சிறிய கருவி ஒன்றில் அதே வைஃபை பெயரைப் போட்டுத் திறக்கிறார். அவருடைய அலை வலுவாக இருந்தால் கைப்பேசி அவரிடம் போகும். அவர் தானே தயாரித்த ஒரு சான்றிதழை நீட்டுவார். கைப்பேசி அதைப் பார்க்காமலேயே சுரங்கத்தை அமைக்கும். சுரங்கம் உறுதியானதுதான், ஆனால் மறுமுனையில் திருடன் உட்கார்ந்திருக்கிறான்.

பல வளாகங்களில் சுரங்கத்துக்குள் நடக்கும் உரையாடல் எம்.எஸ்.சாப் 2 எனும் பழைய முறையில் நடக்கிறது. அதில் கடவுச்சொல் நேரடியாகப் போகாது, அதிலிருந்து கணக்கிட்ட விடைதான் போகும். போதுமான பாதுகாப்பு என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2012இல் அமெரிக்காவில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் இரண்டு ஆய்வாளர்கள் அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். அந்த விடையைப் பிடித்துவிட்டால், 2-இன் 56ஆம் அடுக்கு எண்ணிக்கையிலான சாவிகளைப் போட்டுப் பார்த்தால் போதும் என்று காட்டினார்கள். அது சுமார் 72 ஆயிரம் டிரில்லியன் சாவிகள். பெரிய எண்தான். ஆனால் அதற்கென்று கட்டிய கருவி அதிகபட்சம் ஒரு நாளுக்குள் முடித்துவிடும். கிடைப்பது கடவுச்சொல்லுக்குச் சமமான திறவுகோல். கடவுச்சொல் எத்தனை நீளமாக இருந்தாலும் இதே கதைதான். எளிய கடவுச்சொல்லாக இருந்தால் ஒரு நாள்கூடத் தேவைப்படாது.

இது கற்பனைப் பயம் அல்ல. 2018 ஏப்ரலில் நெதர்லாந்தின் ஹேக் நகரில், இரசாயன ஆயுதத் தடை அமைப்பின் தலைமையகத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த ஒரு வாடகைக் காரின் பின்பெட்டியில் வைஃபை ஊடுருவல் கருவிகளும் ஓர் அலைவாங்கியும் கண்டுபிடிக்கப்பட்டன. ரஷ்ய இராணுவ உளவுத் துறையினர் என்று சொல்லி நான்கு பேரை நெதர்லாந்து நாட்டைவிட்டு அனுப்பியது. அக்டோபர் 4ஆம் நாள் விவரங்களை வெளியிட்டபோது நம் நாட்டின் பெயரும் அதில் வந்தது. அவர்களில் ஒருவர் மலேசியாவிலும் செயல்பட்டு, எம்.எச்.17 விமான விசாரணை பற்றிய தகவல்களைக் குறிவைத்தார் என்று பிரிட்டனும் நெதர்லாந்தும் தெரிவித்தன. ரஷ்யா குற்றச்சாட்டுகளை மறுத்தது. மாணவரைத் தேடி உளவாளி வரமாட்டார், உண்மைதான். ஆனால் வைஃபையைத் தொலைவிலிருந்து தொட ஒரு காரின் பின்பெட்டி போதும் என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது.

கையொப்பமிடுபவர் தவறினால்?

சான்றிதழ் இருந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். கையொப்பமிடுபவரும் கவனமாக இருக்க வேண்டும். இதற்கும் நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது.

மின் கையொப்பத்துக்கு 1997இலேயே சட்டம் இயற்றிய நாடு மலேசியா. 2011 நவம்பரில், டிஜிசெர்ட் செண்டிரியான் பெர்ஹாட் எனும் மலேசியச் சான்றளிப்பு நிறுவனம் வழங்கிய 22 சான்றிதழ்கள் பலவீனமானவை என்று தெரியவந்தது. அமெரிக்காவில் இதே போன்ற பெயருள்ள நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தச் சான்றிதழ்களில் 512 பிட் திறவுகோல்கள் இருந்தன. அதாவது 155 இலக்க எண். அப்படிப்பட்ட ஒரு 155 இலக்க எண்ணை 1999 ஆகஸ்டிலேயே ஒரு பன்னாட்டு ஆய்வுக்குழு பகா எண்களாகப் பிரித்துக் காட்டிவிட்டது. உடைந்த பூட்டு என்று தெரிந்து 12 ஆண்டுகள் ஆனபிறகும் அதே அளவுப் பூட்டு புழக்கத்தில் இருந்திருக்கிறது.

மோசடி எண்ணத்தோடு அவை வழங்கப்பட்டதற்கு அறிகுறி இல்லை என்று மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது. ஆனாலும் மைக்ரோசாஃப்டும் மொசில்லாவும் அந்த நிறுவனத்தின் மேல் வைத்திருந்த நம்பிக்கையை விலக்கிக்கொண்டன. அதே மாதத்தில், மார்டி எனப்படும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகத்தின் சர்வர் ஒன்றுக்குரிய திறவுகோல் திருடப்பட்டு, அதைக்கொண்டு தீநிரல் ஒன்றுக்குக் கையொப்பமிடப்பட்டிருந்ததை ஃபின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனம் கண்டுபிடித்தது. வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் திறவுகோலை யார் திருடப்போகிறார்கள் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். நம்பிக்கை என்பது ஒருமுறை வாங்கி அலமாரியில் வைக்கும் பொருள் அல்ல, தொடர்ந்து பராமரிக்க வேண்டிய ஒன்று என்பதுதான் அந்த ஆண்டின் பாடம்.

காலாவதி நாளும் நாட்காட்டியும்

12 வயதில் மைகாட் எடுத்த நீங்கள் 18 வயதானதும் அதைப் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழும் ஒருநாள் காலாவதியாகும். அதைப் புதுப்பிக்க மறந்தால் என்ன நடக்கும்? 2018 டிசம்பர் 6ஆம் நாள் எரிக்சன் நிறுவன மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியானதால் பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் கைப்பேசி இணையத்தை இழந்தார்கள். 2020 பிப்ரவரி 3ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணிநேரம் நின்றுபோனது. காரணம், புதுப்பிக்கப்படாத ஒரு சான்றிதழ். இவ்வளவு பெரிய நிறுவனங்களே தவறும்போது, இரண்டு மூன்று பேர் மட்டும் கவனித்துக்கொள்ளும் ஒரு கல்லூரியின் கணினிப் பிரிவு தவறுவதில் வியப்பில்லை.

வளாக வைஃபையில் இந்தத் தவறுக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஒருநாள் காலை எல்லாக் கைப்பேசிகளும் எச்சரிக்கை காட்டும். "பரவாயில்லை, நம்பு என்று அழுத்துங்கள்" என்று அறிவிப்பு வரும். அன்று முதல் எச்சரிக்கையைப் பார்த்தால் அழுத்திவிட வேண்டும் என்ற பழக்கம் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு ஊட்டப்பட்டுவிடும். பிறகு ஒருநாள் உண்மையான திருடனின் சான்றிதழ் வரும்போதும் அதே விரல் அதே இடத்தில்தான் அழுத்தும்.

இந்தச் சிக்கல் இனி அதிகமாகும். இணையத்தளங்களுக்காகப் பொதுச் சான்றளிப்பு நிறுவனங்கள் வழங்கும் சான்றிதழ்களின் ஆயுளைக் குறைத்துக்கொண்டே வர 2025 ஏப்ரலில் முடிவெடுத்திருக்கிறார்கள். 398 நாளாக இருந்த உச்சவரம்பு 2026 மார்ச்சில் 200 நாள், 2027 மார்ச்சில் 100 நாள், 2029 மார்ச்சில் 47 நாள் என்று இறங்குகிறது. இணையத்தளத்துக்கு இது நல்லது. திறவுகோல் திருடுபோனாலும் அதன் பயன் நீடிக்காது. புதுப்பிப்பதைக் கணினியே செய்துகொள்ளும். பார்வையாளருக்கு எதுவும் தெரியாது. ஆனால் நீங்களே பார்த்து 'நம்பு' என்று அழுத்திய சான்றிதழ் மாறினால், ஐஃபோன் போன்ற கருவிகள் மீண்டும் கேட்கக்கூடும். 47 நாளுக்கு ஒருமுறை அந்தக் கேள்வி வந்தால் யார் படித்துப் பார்ப்பார்கள்?

என் கருத்து

வளாகங்கள் வைஃபைக்கென்று தங்கள் சொந்த மூலச் சான்றிதழை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குப் பத்து, இருபது ஆண்டு ஆயுள் கொடுக்கலாம். அதன் ரகசியத் திறவுகோலை இணையத்தோடு இணைக்காமல் பூட்டி வைக்கலாம். சர்வரின் சான்றிதழை அதன் கீழ் முறையாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம். கைப்பேசியில் மூலச் சான்றிதழும் சர்வர் பெயரும் ஒருமுறை பதிந்துவிட்டால், கீழே சர்வர் சான்றிதழ் எத்தனை முறை மாறினாலும் மாணவருக்குக் கேள்வி வராது. கேள்வி வந்தால் அது உண்மையான ஆபத்து என்று அவர் நம்பலாம். எச்சரிக்கைக்கு மதிப்பு திரும்பும்.

இதற்கு மறுப்பும் உண்டு. சொந்த மூலச் சான்றிதழை ஒவ்வொரு கைப்பேசியிலும் ஏற்ற வேண்டுமே, ஆயிரக்கணக்கான புது மாணவர்கள் ஒரே வாரத்தில் வரும்போது இது நடக்கிற காரியமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பொது நிறுவனத்தின் மூலச் சான்றிதழ் கைப்பேசியிலேயே ஏற்கனவே இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த வழியில் போனாலும் சர்வர் பெயரை மாணவரின் கைப்பேசியில் கட்டாயம் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அதே நிறுவனத்திடம் வேறொரு பெயருக்குச் சான்றிதழ் வாங்கிய எவரும் உள்ளே நுழையலாம். எப்படியும் ஒருமுறை அமைத்தே ஆக வேண்டும் என்றால், அதைச் சரியாகவே அமைக்கலாமே? எடுரோம் உறுப்பினர்களுக்கென்று அமைப்புக் கருவியும் கெட்எடுரோம் எனும் செயலியும் இருக்கின்றன. மாணவர் தன் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் மூலச் சான்றிதழ், சர்வர் பெயர் எல்லாம் தானாகப் பதிந்துவிடும். தாளைப் பார்த்துப் பத்து வரி தட்டுவதைவிட இது எளிது.

கைப்பேசி தயாரிப்பாளர்களும் இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறார்கள். 2020 டிசம்பரில் கூகள் தன் பிக்சல் கைப்பேசிகளில் "சரிபார்க்க வேண்டாம்" என்ற தேர்வை எடுத்துவிட்டது. பின்னர் வேறு பல கைப்பேசிகளிலிருந்தும் அது மறைந்தது. அப்போது பழைய தாள்களை வைத்துக்கொண்டிருந்த வளாகங்கள் தடுமாறின. அந்தத் தேர்வு இன்னும் இருக்கும் பழைய கைப்பேசியைத்தான் நம் பிள்ளைகளில் பலர் அண்ணனிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறார்கள். புதிய கைப்பேசி வாங்க முடிந்தவருக்கு மட்டும் பாதுகாப்பு என்பது சரியல்ல.

நீங்கள் செய்யக்கூடியது

மாணவர்களே, சர்வரை நிர்வகிப்பது உங்கள் வேலை அல்ல. ஆனால் கேட்பது உங்கள் உரிமை. மேற்படிப்புக்குப் போனதும் கணினிப் பிரிவில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: "நம் வைஃபை சர்வரின் பெயர் என்ன? அதற்குக் கையொப்பமிட்ட சான்றளிப்பு நிறுவனம் எது? தானாக அமைத்துத் தரும் செயலி உண்டா?" பதில் கிடைத்தால் அதன்படி அமையுங்கள். பதில் தெரியாது என்றால், பணிவோடு இன்னொரு முறை கேளுங்கள். பத்து மாணவர்கள் கேட்டால் பதில் தயாராகும்.

அதற்கு முன் அவசரம் என்றால் உங்கள் சொந்தக் கைப்பேசித் தரவைப் பயன்படுத்துங்கள். அமைத்து முடித்த பிறகு ஒருநாள் திடீரென்று சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் அழுத்தாதீர்கள். கணினிப் பிரிவிடம் முதலில் கேளுங்கள். வைஃபை கடவுச்சொல்லை வங்கிக்கோ வேறு எதற்குமோ வைக்காதீர்கள். முன்பே "சரிபார்க்க வேண்டாம்" என்று அமைத்தவர்கள், அந்த வலையமைப்பை நீக்கிவிட்டு மீண்டும் சரியாக அமைத்து, கடவுச்சொல்லையும் மாற்றிக்கொள்ளுங்கள். நானும் அதைத்தான் செய்தேன். நான் அமைத்துக் கொடுத்த நால்வரில் மூவரைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டேன். ஒருவரின் எண் மாறிவிட்டது.

வளாகங்களை நடத்தும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காலாவதி நாளை ஒருவரின் நினைவில் வைக்காமல் பொது நாட்காட்டியில் எழுதுங்கள். இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள். மாற்றம் வருமுன் மாணவர்களுக்கு அறிவியுங்கள். அந்தப் பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள்.

அன்று பின்வரிசையிலிருந்து வந்த கேள்விக்குத் திரும்புகிறேன். "வேற போனுன்னு அதுக்குத் தெரியலையா?" கருவிக்குத் தானாக எதுவும் தெரியாது. யாரை நம்ப வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். அந்த மாணவி இன்னும் இரண்டு ஆண்டுகளில் ஏதோ ஒரு வளாகத்தின் வாசலில் கைப்பேசியோடு நிற்பாள். அவள் கையில் கொடுக்கப்படும் தாளில் சர்வரின் பெயர் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால், அன்று போலவே அங்கும் அவள் கை உயர வேண்டும்.